பசுமலையில் ஒரு வக்கீல் வாத்தியார்

பசுமலை... பேரைக் கேட்டதும் என்ன தோணுது? பச்சைப்பசேல்னு ஒரு மலை, உச்சியில் மேகம், கீழே சலசலனு ஓர் ஓடை. ஊட்டிக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி ஓர் ஊர்?

ஸாரி பாஸ்! மதுரை வெயிலில் காய்கிற சின்னக் குன்று இது. மதுரைக்காரங்க கேட்டா கோவிச்சுக்குவாங்க, ஆனாலும் உண்மையைச் சொல்லித்தானே ஆகணும்? இந்தப் பேரில் இருப்பது பசுமை இல்லை, பசு. நம்ம வீட்டு மாடு!

திருவிளையாடல் புராணத்தில் வருகிற கதை இது. மதுரையை அழிக்க பகைவர்கள் ஒரு மாயப் பசுவை ஏவிவிட்டார்களாம். சொக்கநாதர் நந்தியை அனுப்ப, நந்தியோடு மோதிய பசு செத்து விழுந்து மலையாகிவிட்டதாம். அதுதான் பசுமலை. இதே ஸ்டைலில் பாம்பு விழுந்த இடம் நாகமலை, யானை விழுந்த இடம் ஆனைமலை. மதுரையைச் சுத்தி ஒரு மிருகக்காட்சி சாலையே கல்லாய்ப் படுத்திருக்கு!

பேரை வைத்து ஒண்ணை நினைச்சுக்கிட்டுப் போனா, அங்கே இருப்பது வேற ஒண்ணு. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க. நம்ம டிகிரி சர்டிபிகேட்டில் இருக்கிற பேருக்கும் இது பொருந்தும். எப்படினு போகப் போகச் சொல்றேன்.

பெரியாரில் ஏறுங்க

பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருப்பரங்குன்றம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். பழங்காநத்தம் தாண்டினால் அடுத்து பசுமலை. தூக்கம் போட்டீங்கன்னா நேரா முருகன் காலடியில் போய் இறங்க வேண்டியதுதான். காலேஜ் நேரத்தில் போனால் சீட் கிடைக்காது. இந்தப் பக்கம் பூராவும் மாணவர் ராஜ்ஜியம். பசுமலையில் 1974-ல் ஆரம்பித்த மன்னர் திருமலை நாயக்கர் கல்லூரி, கொஞ்சம் தள்ளி திருப்பரங்குன்றத்தில் 1957-ல் ஆரம்பித்த தியாகராஜர் பொறியியல் கல்லூரி. படிக்கட்டில் தொங்குற எல்லார் முதுகிலும் ஒரு பை இருக்கும்.

குன்றின் மேலே இப்போது ஒரு ஸ்டார் ஹோட்டல். அங்கே காபி குடிக்கிற ஐடியா இருந்தால் ஒரு மாசப் பாக்கெட் மணியைச் சேர்த்து வையுங்கள். நமக்கு ரோட்டோர டீயே போதும். ஹோட்டலுக்குப் போகிற பாதையில் கொஞ்ச தூரம் ஏறித் திரும்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பரங்குன்றத்தின் மொட்டைப் பாறை. இன்னொரு பக்கம் நீளமாகப் படுத்திருக்கிற நாகமலை. நடுவில் விரிந்து கிடக்கிற மதுரை. வானம் தெளிவாக இருந்தால் மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களைத் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

இந்த ஊர் ஒரு காலத்தில் ஆட்களை வேலைக்குத் தயார் பண்ணுகிற ஊராக இருந்தது. திருமங்கலத்தில் அமெரிக்கன் மிஷன் நடத்திய பயிற்சிப் பள்ளி 1845-ல் இங்கே வந்தது. போதகர்களும் ஆசிரியர்களும் இங்கே உருவானார்கள். லெனாக்ஸ் அச்சகம்னு ஒரு பிரஸ்கூட இருந்தது. இன்னொரு விஷயம் தெரியுமா? தல்லாகுளத்தில் சிவப்புக் கட்டடங்களோடு கம்பீரமாக நிற்கிற அமெரிக்கன் கல்லூரி பிறந்தது பசுமலையில்தான். வருஷம் 1881. மதுரைக்கு இடம் மாறியது 1904-ல், இப்போதைய இடத்துக்குப் போனது 1909-ல். ஒரு காலேஜுக்கே தன் இடம் எதுனு கண்டுபிடிக்க 28 வருஷம் ஆகியிருக்கு. நாமோ ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த ரெண்டாவது வாரத்தில் முடிவு பண்ணிட்டு, அப்புறம் நாலு வருஷம் முழிக்கிறோம்!

நான் பசுமலைக்குப் போனது காலேஜைத் தேடி இல்லை, இந்த ஊரில் வாழ்ந்த ஒரு மனிதருக்காக. அவர் நாவலர் சோமசுந்தர பாரதியார்.

கோர்ட்டிலிருந்து கிளாஸ் ரூமுக்கு

1879-ல் எட்டயபுரத்தில் பிறந்தவர். அதே ஊரில் மூணு வருஷம் கழித்துப் பிறந்த சுப்பிரமணிய பாரதியின் பால்ய நண்பர். ரெண்டு பேருக்குமே 'பாரதி' என்கிற பட்டம் எட்டயபுரத்தில் கிடைத்ததுதான்.

சோமசுந்தரம் படித்தது சட்டம். 1905-ல் தூத்துக்குடியில் வக்கீல் போர்டு மாட்டினார். அங்கே வ.உ.சிதம்பரனாரின் நண்பராகி, சுதேசிக் கப்பல் முயற்சியில் கூடவே நின்றார். என்னிடம் சரக்குக் கப்பலோடு ஒரு தமிழ்க் கப்பலும் இருக்கு என்று வ.உ.சி. இவரைக் காட்டிப் பெருமைப்படுவார் என்று சொல்வார்கள். பிறகு மதுரைக்கு வந்தும் வக்கீல் தொழில்தான். நல்ல பேர், நல்ல வருமானம். நம்ம ஊர்ப் பெருசுகள் பாஷையில் சொன்னால், 'செட்டில்' ஆன ஆள்.

ஆனால் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டே 1913-ல் எம்.ஏ. பட்டமும் வாங்கினார். 1933-ல், ஐம்பது வயசு தாண்டிய பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராகப் போனார். 1938 வரை அங்கே தமிழ்த் துறைத் தலைவர். ஐம்பத்து நாலு வயசு என்றால் மத்தவங்க ரிட்டயர்மென்ட் பணத்தில் வீடு கட்டலாமா, பிளாட் வாங்கலாமானு யோசிக்கிற வயசு. இவர் அந்த வயசில் சாக்பீஸ் எடுத்தார்.

'ஆஹா, பிடிக்காத தொழிலை உதறிட்டுப் பிடிச்சதைச் செய்தார். சூப்பர் ஸ்டோரி!' என்று நீங்கள் கைதட்டத் தயாராவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்க. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவர் எழுதிய புத்தகங்கள் எதைப் பற்றி என்று பார்த்தபோதுதான் வேற ஒண்ணு பிடிபட்டது.

'தசரதன் குறையும் கைகேயி நிறையும்' அவரோட பிரபலமான புத்தகம். ராமாயணத்தில் வில்லி யார்? கைகேயினு எல்லோரும் சொல்வோம். இவர் கைகேயிக்காக ஆஜராகிறார்! கைகேயியைக் கல்யாணம் பண்ணும்போதே அவள் பிள்ளைக்குத்தான் நாடுனு தசரதன் வாக்குக் கொடுத்துவிட்டான், அதை மறைத்துவிட்டு ராமனுக்கு முடிசூட்டப் பார்த்தான், அதனால் குறை தசரதனிடம்தான், வாக்குத் தவறிய பழியிலிருந்து புருஷனைக் காப்பாற்றியவள் கைகேயி. இப்படிப் போகிறது வாதம். ஒப்பந்தம் என்ன, அதை மீறியது யார், அதற்குச் சாட்சி எங்கே... அக்மார்க் வக்கீல் வேலை!

அடுத்தது 'சேரர் தாயமுறை'. தாயம்னா இங்கே உருட்டி விளையாடுகிற தாயம் இல்லை, வாரிசுரிமை. சேர மன்னர்களுக்குப் பின் பட்டத்துக்கு வந்தது மகனா, மருமகனா? பழந்தமிழ்ப் பாட்டுகளை ஆதாரமாக வைத்து, சேரர்களிடம் இருந்தது மருமக்கள் தாயம் என்று வாதாடுகிறார். சொத்து யாருக்குப் போகும் என்பது எந்த சிவில் கோர்ட்டிலும் தினமும் கேட்கிற கேள்வி. கட்சிக்காரர்கள்தான் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தையவர்கள்.

மூணாவது, தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் அகத்திணையியல், புறத்திணையியல், மெய்ப்பாட்டியல் மூன்றுக்கும் அவர் எழுதிய புதிய உரை. சட்டப் புத்தகத்தில் ஒரு செக்ஷன் இருக்கும். அதற்கு முந்தைய தீர்ப்புகள் ஒரு அர்த்தம் சொல்லியிருக்கும். நல்ல வக்கீல் எழுந்து, 'அந்த அர்த்தம் சரியில்லை, மூலத்தில் இருக்கிற வார்த்தையைப் பாருங்கள்' என்பார். பழைய உரைகாரர்கள் சொன்னதை அப்படியே ஏற்காமல் நூற்பாவை எடுத்து வைத்து இவர் செய்ததும் அதுதான்.

ஆக, அவர் வக்கீல் தொழிலை விடவே இல்லை. கோர்ட்டை மட்டும் மாத்தினார்.

ரெண்டு பாரதிகள், ஒரு தமிழ்

இதை இன்னும் தெளிவாக்க அவருடைய நண்பரையே எடுத்துக்கொள்வோம். சுப்பிரமணிய பாரதியும் மதுரையில் தமிழ் வாத்தியாராக இருந்தவர்தான். 1904-ல் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில். எத்தனை நாள் தெரியுமா? சில மாசங்கள்தான். அந்த வருஷமே சென்னைக்குப் போய் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்துவிட்டார்.

கவனிச்சீங்களா? ஒரே ஊர், ஒரே தமிழ், ஒரே வெறி. ஆனால் ஒருத்தர் தமிழ் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு ஓடுகிறார், இன்னொருத்தர் தமிழ் வாத்தியார் வேலையைத் தேடி வருகிறார். ரெண்டு பேர் செய்ததும் சரி!

எப்படி? 'எனக்குத் தமிழ் பிடிக்கும்' என்கிற பதில் ரெண்டு பேருக்கும் பொது. அதை மட்டும் கேட்டு ஒரு கேரியர் கவுன்சலர் வழிகாட்டியிருந்தால், ரெண்டு பேரையும் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார வைத்திருப்பார். ஆனால் தமிழை வைத்துக்கொண்டு ஒருத்தர் புதுசாகப் படைக்கிறவர், அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே எழுதித் தள்ளுகிறவர். இன்னொருத்தர் பழசைத் தோண்டி ஆதாரம் காட்டி வாதாடுகிறவர். பின்னாளில் ஈழத்துத் தமிழறிஞர்கள் அவருக்குக் கொடுத்த பட்டத்தைப் பாருங்கள். 'நாவலர்'. நாவன்மை உள்ளவர். கோர்ட்டில் அவருக்குச் சோறு போட்டதும் அதே நாக்குதான். 1937-38 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மேடை ஏறி முழங்கியதும் அதே நாக்குதான்.

பசுமலையில் நடந்துகொண்டே எனக்குப் பிடிபட்டது இதுதான். பலம் என்பது ஒரு சப்ஜெக்ட் இல்லை. ஒரு செயல். பெயர்ச்சொல்லில் தேடினால் கிடைக்காது, வினைச்சொல்லில் தேடணும். 'எனக்கு மெக்கானிக்கல் வருமா, கம்ப்யூட்டர் வருமா?' என்பது பெயர்ச்சொல் கேள்வி. 'எனக்கு விளக்க வருமா, பேரம் பேச வருமா, பிரிச்சு மேய வருமா, பொறுமையா ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வருமா?' என்பது வினைச்சொல் கேள்வி.

எங்க செட்டில் ஒருத்தன் எலெக்ட்ரானிக்ஸ். சர்க்யூட் டயகிராம் பார்த்தாலே கொட்டாவி விடுவான். ஆனால் சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் பிடிக்கணும் என்றால் டவுன்ஹால் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, சாயங்காலம் பணத்தோடு வருவான். திட்டி அனுப்பிய கடைக்காரரிடமே மறுநாள் டீ வாங்கிக் குடித்துவிட்டு வருவான்! இன்னொருத்தி சிவில். ஹாஸ்டல் மெஸ் கணக்கில் உதைக்கிற பதினெட்டு ரூபாயைக் கண்டுபிடிக்காமல் தூங்க மாட்டாள். ரெண்டு பேரும் 'எனக்கு எதுலயும் இன்ட்ரெஸ்ட் இல்லப்பா' என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கூட இருக்கிற எங்களுக்குத்தான் அது வேற மாதிரி தெரியுது.

அந்த நாலு கட்டங்கள்

சரி, இதெல்லாம் எனக்கு ஏன் இப்போ? காரணம் இருக்கு. மூணாவது வருஷம் முடியப் போகுது. எங்கள் காலேஜில் ஒரு ஃபாரம் கொடுத்திருக்கிறார்கள். பிளேஸ்மென்ட், மேல்படிப்பு, சொந்தத் தொழில், இன்னும் முடிவு செய்யவில்லை. நாலில் ஒரு கட்டத்தில் டிக் அடிக்கணும். பிளேஸ்மென்ட்டில் டிக் அடித்தால்தான் ட்ரெயினிங் கிளாஸ், கம்பெனி இன்டர்வியூ எல்லாம்.

நான் படிப்பது மெக்கானிக்கல். லேத்தில் நின்றால் நேரம் நகராது. ஆனால் அந்த லேத் ஏன் அப்படி ஓடுது என்று பக்கத்து பெஞ்ச்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால் எனக்கு நேரம் போவதே தெரியாது. மாணவ நிருபராக இந்தப் பக்கங்களுக்கு எழுத ஆரம்பித்த பிறகு அந்த ஆசை இன்னும் ஏறிவிட்டது. 'பேசாம ஜர்னலிசம் போயிடவா?' என்று வீட்டில் மெதுவாகக் கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை, பேப்பரை மடித்து வைத்தார். அம்மாதான், "எழுதறதெல்லாம் எழுதுய்யா, வேணாங்கல. பேங்க்ல வாங்கின லோனை யாரு கட்டுறது?" என்றார்.

நியாயமான கேள்வி. படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை ஆரம்பித்துவிடும். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கேள்வி இருக்கும்னு எனக்குத் தெரியும். 'மனசு சொல்றதைக் கேளு, ரெக்கை விரிச்சுப் பற' என்று போஸ்டர் ஒட்டுவது ஈஸி. தவணைத் தேதி போஸ்டர் படிக்காது.

இங்கேதான் சோமசுந்தர பாரதியார் கதையின் இன்னொரு பாதி எனக்கு உதவியது. அவர் 1913-ல் எம்.ஏ. வாங்கினார். பேராசிரியர் ஆனது 1933-ல். நடுவில் இருபது வருஷம்! அந்த இருபது வருஷமும் அவர் ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தொழிலையும் பார்த்தார், தமிழையும் விடவில்லை. தொழில் குடும்பத்தைக் காப்பாற்றியது. தொழிலில் தினமும் தீட்டிய கத்தியைத்தான் தமிழுக்குக் கொண்டுவந்தார். பிடித்தது ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம் என்று பாதியாக வெட்டிக்கொள்ளாமல், ரெண்டுக்கும் பொதுவான செயல் எதுவோ அதைப் பிடித்துக்கொண்டார்.

எல்லோருக்கும் இருபது வருஷம் கிடைக்குமா, அவருக்குக் கிடைத்த மாதிரி ஒரு பல்கலைக்கழகம் கதவைத் திறக்குமா என்று கேட்டால், உத்தரவாதம் கிடையாது. அது அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் கதவு திறந்த அன்றைக்கு அவர் கையில் சரக்கு இருந்தது.

விரல்கள் ஒத்துழைக்காவிட்டால்?

ஒரு கேள்வி பாக்கி. 'எனக்கு இயல்பா எதுவுமே வரலையே! இருந்ததும் போயிடுச்சுன்னா?' இதற்கும் மதுரையில் ஆள் இருக்கிறார். பசுமலையில் பிறந்து இடம் மாறியதே அமெரிக்கன் கல்லூரி, அதில் படித்தவர்தான் டாக்டர் கோ.வெங்கடசாமி. 1918-ல் வடமலாபுரத்தில் பிறந்தவர். பிரசவ மருத்துவர் ஆகணும் என்று ஆசைப்பட்டார். ராணுவ மருத்துவராக இருந்தபோது வந்த கடுமையான முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. பேனா பிடிக்கவே சிரமம். பிரசவ மருத்துவம் கனவோடு போச்சு.

மனிதர் கண் மருத்துவம் படித்தார். தன் விரலுக்கு ஏற்ற மாதிரி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார். 1976-ல், 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஒரு டாக்டர் ஓர் ஆபரேஷனை முடித்ததும் அடுத்த நோயாளி பக்கத்து மேஜையில் தயாராக இருக்கிற மாதிரி வேலையைப் பிரித்து அடுக்கினார். நம்ம ப்ரொடக்ஷன் இன்ஜினீயரிங் பேப்பரில் வருகிற அசெம்பிளி லைன் தத்துவம்! அவர் இழந்தது விரலின் லாகவத்தை. அவருடைய பெரிய பலம் விரலில் இல்லை, வேலையை ஒழுங்குபடுத்துவதில் இருந்தது. விரல் நல்லா இருந்திருந்தால் அது வெளியே தெரிந்திருக்குமோ என்னவோ!

இப்போ உங்க முறை

பசுமலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள். நாவலர் தன் கடைசிக் காலத்தைக் கழித்த ஊர் அது. 1959 டிசம்பர் 14-ல் மறைந்தார். வெயில் இறங்கினதும் காற்று வரும். ஒரு பேப்பரில், போன ஒரு மாசத்தில் நேரம் போனதே தெரியாமல் நீங்கள் செய்த மூணு வேலைகளை எழுதுங்கள். சப்ஜெக்ட் பேர் எழுதக் கூடாது, செயலை மட்டும் எழுதணும். 'கிரிக்கெட்' என்று எழுதாதீங்க. நீங்கள் அங்கே செய்தது டீம் சேர்த்ததா, ஸ்கோர் கணக்குப் போட்டதா, சண்டையைத் தீர்த்து வைத்ததா? அதை எழுதுங்க. அப்புறம் அந்தப் பேப்பரை உங்க ஃப்ரெண்ட் ஒருத்தரிடம் கொடுத்து, சரியானு கேளுங்க. நம்ம முதுகு நமக்குத் தெரியாது, பின்னால் வர்றவங்களுக்குத்தான் தெரியும்.

என் பேப்பரில் மூணு வரியிலும் 'விளக்கினேன்' என்றுதான் வந்தது. அதனால் நான் பிளேஸ்மென்ட் கட்டத்தில் டிக் அடிக்கப் போகிறேன். தோற்றுப்போய் இல்லை. மெஷின் விற்கிற கம்பெனியில் அதை வாங்குகிறவருக்குப் புரிய வைக்கிற ஆள் வேணும். ஃபாக்டரியில் புதுசாக வர்றவர்களுக்குச் சொல்லித்தர ஆள் வேணும். அந்த மாதிரி வேலை எதுனு தேடித்தான் இன்டர்வியூவுக்குப் போவேன். லோன் தவணையும் போகும். ராத்திரி எழுதுவதும் நடக்கும்.

உங்க பதில் வேற மாதிரி இருக்கலாம், இருக்கணும். எட்டயபுரத்தின் ரெண்டு பாரதிகளுக்கே ஒரே பதில் பொருந்தலையே! ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. சர்டிபிகேட்டில் அச்சடித்திருக்கிற பேரைப் பார்த்து உங்களை நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. பச்சை மலைனு நினைச்சு வந்த எத்தனையோ பேருக்கு நடுவில், பசு பாட்டுக்கு இங்கே படுத்திருக்கு.